எட்டு கார் மதிப்புள்ள மாட்டுவண்டி

ஏம்பா தம்பி, காலையில ஆறு மணியிலேர்ந்து இந்தப் பேரிகை கூட்டுரோட்டுல நாற்காலி போட்டு உக்காந்து கோடு கிழிச்சிட்டே இருக்கிறே. ஒண்ணுக்குப் போவக்கூட எந்திரிக்கல. டீக்கடைக்காரன் உன்னை ஏதோ மஃப்டி போலீசுன்னு நெனச்சு ரெண்டு டீய ஓசியில குடுத்துட்டான். நான் ஒண்ணும் சொல்லிக்கல. அவன் குடுத்தான், நீ குடிச்சே, அது உங்களுக்குள்ள கணக்கு. கொஞ்சம் தள்ளு, நானும் குந்திக்கிறேன். மாடு ரெண்டும் புளியமரத்தடியில நின்னு எளைப்பு வாங்குது. அதுங்களுக்கு இப்ப அவசரம் இல்ல.

இதென்ன கோடு? நாலை நட்டமாப் போட்டு அஞ்சாவதைக் குறுக்கால போடறே. எங்க தாத்தன் களத்துல ராகி மூட்டை எண்றப்போ செவுத்துல கரிக்கட்டையால இதேதான் போடுவாரு. அவரு கைநாட்டு. நீ நாலு வருஷம் காலேஜுக்குப் பணம் கட்டிப் படிச்சிட்டு வந்து அதேதான் போடறே. கோச்சிக்காதே, பெருமையா இருக்குதுன்னு சொல்ல வந்தேன்.

வர்ற வண்டிய எல்லாம் எண்ணி, இந்த ரோட்ட அகலம் பண்ணலாமா வாணாமான்னு பாக்கப் போறீங்க. அது புரியுது. அதோட சுற்றுலாவையும் முடிச்சுப் போட்டு, ரோட்டுக்குக் கொட்டற காசு ஊருக்கு எவ்வளவு திரும்பி வரும்னு கணக்குப் பண்ணுவீங்களாமே, அங்கதான் எனக்கு நாக்கு அரிக்குது.

மொதல்ல அந்தக் காயிதத்தப் படி. மோட்டார் சைக்கிளு அரை. காரு ஒண்ணு. பஸ்ஸும் லாரியும் மூணு. டிராக்டரு டிரெய்லரோட வந்தா நாலரை. குதிரை வண்டி நாலு. மாட்டுவண்டி எத்தினி? இன்னொரு தரம் சொல்லு. எட்டா!

இந்தியச் சாலைக் காங்கிரசு போட்ட கணக்குன்னு சொன்னே. நான் காமராசர் காங்கிரசா, இந்திரா காங்கிரசான்னு கேட்டுட்டேன், நீ வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறே. அது 1934ல வெள்ளக்காரன் காலத்துல ரோட்டு இன்ஜினீருங்களுக்குன்னு ஆரம்பிச்ச சங்கம், 1990ல போட்ட புத்தகத்துல இந்த நம்பரு இருக்குதுன்னு விளக்கினே. எந்தக் காங்கிரசா இருந்தாலும் சரி, அவங்களுக்கு ஒரு கும்பிடு. எம் மருமவன் ஓசூரு சிப்காட்டுல இருவது வருஷம் ஷிப்டு பாத்து, கடன் வாங்கி, ஒரு காரு வாங்கினான். பொங்கலுக்கு வந்தா அதை எங்க வாசல்ல நிறுத்திட்டு சாமிய மாதிரி சுத்திச் சுத்தி வருவான். ஏன் மாமா இன்னும் இந்த மாட்டக் கட்டி மாரடிக்கிறேன்னு கேப்பான். இந்தப் பொங்கலுக்கு வரட்டும். நீ ஒண்ணு மாப்ள, நான் எட்டுன்னு சொல்லிடறேன்.

மரியாதைக்கான நம்பரு இல்ல தாத்தா, ரோட்டுல அடைச்சிக்கிற எடத்துக்கான நம்பருன்னு இழுக்கறே. அதாவது எவன் ரொம்ப வழிய மறிக்கிறானோ அவனுக்குப் பெரிய நம்பரு. அது எங்களுக்கும் தெரிஞ்ச கணக்குதான், ஊருல தேர்தல் எல்லாம் பாத்திருக்கிறோம். காலையிலேர்ந்து எத்தினி மாட்டுவண்டி விழுந்திருக்குது உன் தாள்ல? பதினொண்ணா! அடேங்கப்பா. அப்ப எண்பத்தெட்டு காரு. பரவால்ல, பேரிகை முன்னேறிட்டு வருது.

அந்தாண்ட உன் கூட்டாளி ஒருத்தன் வண்டிய நிறுத்தி நிறுத்தி எங்கிருந்து வர்றீங்க, எங்க போறீங்க, எதுக்குப் போறீங்கன்னு கேக்கறானே, பாவம் அந்தப் புள்ள. இது பேரிகைப்பா. வடக்க போனா மாலூரு, கர்நாடகம். தமிழ்ல கேட்டா ஒருத்தன் கன்னடத்துல பதில் சொல்றான், கன்னடத்துல கேட்டா இன்னொருத்தன் தெலுங்குல திட்டறான். ஒரே உருண்டைய நாங்க களின்னு சொல்வோம், எதுத்த ஊட்ல சங்கட்டின்னு சொல்வாங்க, எல்லை தாண்டினா முத்தே. முழுங்கறது எல்லாருக்கும் ஒரே தொண்டை. எதுக்குப் போறீங்கன்னு கேட்டு வேலை, வியாபாரம், படிப்பு, கோயிலு, சுற்றுலான்னு அஞ்சு கட்டம் போட்டு வெச்சிருக்கிறீங்க. பொழுது சாஞ்சா இங்கிருந்து எல்லைக்கு அந்தாண்ட போறானுங்க பாரு ஒரு கூட்டம், அவனுங்கள எந்தக் கட்டத்துல போடுவீங்க? சொந்தக்காரங்க ஊட்டுக்குன்னு சொல்வான். திரும்பி வர்றப்ப ஊதச் சொல்லு, எந்தச் சொந்தம்னு தெரியும். ராஜாஜி பொறந்த தொரப்பள்ளி இதோ ஓசூரு பக்கத்துலதான். 1937ல அவரு மதுவிலக்க மொதமொதல்ல சேலம் ஜில்லாவுலதான் கொண்டாந்தாரு, ஓசூரும் அப்ப சேலம் ஜில்லாதான். இன்னிக்கி அவரு பொறந்த ஊட்டுக்குப் போறவனவிட எல்லைக்கடைக்குப் போறவன் பல மடங்கு. உங்க கணக்குல அவனும் சுற்றுலாவா? அவன் காசு எந்த மாநிலத்துக்கு வரவு?

சரி, விளையாட்ட வுடு. ரோட்டுக்குப் போட்ட காசு திரும்புதான்னு எப்படிக் கணக்குப் பண்றீங்கன்னு நேத்து கேட்டேன். போற நேரம் எவ்வளவு மிச்சம், டீசலு தேய்மானம் எவ்வளவு மிச்சம், விபத்து எவ்வளவு கொறையும், எல்லாத்தையும் ரூவாயாக்கிக் கூட்டி, பன்னெண்டு சதம் தேறினா பாஸுன்னு சொன்னே. ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல எனக்கு. நேரம் மிச்சம், நேரம் மிச்சம்னு அதேதான் காதுல கேட்டுட்டு இருந்துச்சு. நேரத்தோட அருமை தெரியாதவங்க இல்லப்பா நாங்க. நாட்டுக்கே கடியாரம் செஞ்சு குடுக்கிற டைட்டான் கம்பெனி ஓசூர்லதான் இருக்குது. லேலண்டு லாரி, டிவிஎஸ் வண்டி, எல்லாம் இங்கேர்ந்து போனதுதான். அந்தக் கம்பெனிங்களுக்கு உன் கணக்கு கச்சிதமாப் பொருந்தும். லாரியில போற பல்சக்கரத்துக்குப் பசி எடுக்காது, மூத்திரம் முட்டாது, கொழந்த அழுவாது, ஏரியப் பாத்து பராக்கும் பாக்காது. அதுக்கு வேகந்தான் லாபம்.

சுற்றுலாக்காரன் அப்படியா? நேரத்த மிச்சம் புடிக்கவா அவன் ஊட்ட வுட்டுக் கெளம்பறான்? தொலைக்கறதுக்குத்தான் வர்றான். அவன் எங்க ஊர்ல தொலைச்ச ஒவ்வொரு மணி நேரமும் எங்களுக்குக் காசு. அவனுக்கு நீ இருவது நிமிஷம் மிச்சம் பண்ணிக் குடுத்தா, எங்க சட்டைப்பையிலேர்ந்து இருவது நிமிஷத்த உருவி அவன் கையில குடுக்கறேன்னு அர்த்தம். சரக்குக்குப் போட்ட தராசுல மனுசன ஏத்தி நிறுத்தா எடை எப்படிப்பா சரியா வரும்?

ஒரு ரகசியம் சொல்றேன், எழுதாதே. பாகலூரு ரோட்டுல எங்க தோட்டத்து முன்னால ஒரு குழி இருந்துச்சு. சின்னக் குழி இல்ல, மழை பேஞ்சா எருமை படுக்கும். ஏழெட்டு வருஷம் அது நிம்மதியா இருந்துச்சு, ஒருத்தரும் அதைத் தொந்தரவு பண்ணல. பெங்களூரு காரு எம்மாம் பெரிசா இருந்தாலும் அங்க வந்தா பிரேக்கப் போட்டு, மொதக் கியருக்கு மாறி, பச்சக் கொழந்தயத் தொட்டியில வுடற மாதிரி எறங்கி ஏறும். அந்த அரை நிமிஷத்துல எங்கூட்டுக் கெழவி கொய்யாக்கூடைய ஜன்னலுக்கு நேரா நீட்டுவா. உள்ள இருக்கிற கொழந்த கை நீட்டும். கண்ணாடி எறங்கும். சனி ஞாயிறுல ரெண்டு கூடை தீந்துடும். உப்பு மொளகாத்தூள் பொட்டலம் கட்டறதுக்குன்னே பேத்திய உக்கார வெச்சிருந்தா.

அப்புறம் ரோடு போட்டாங்க. நல்லாத்தான் போட்டாங்க, பொய் சொன்னா சோறு கெடைக்காது. எண்ணெய் ஊத்தினா வழிச்சு எடுத்துக்கலாம், அப்படி இருந்துச்சு. குழி போச்சு. காரெல்லாம் சொய்ங்குனு பறக்குது, கெழவி கூடைய நீட்டறதுக்குள்ள பாகலூரு சேந்துடுது. ஒரு வாரம் பாத்தா. எட்டாம் நாள் ராத்திரி, கடப்பாறைய எங்க வெச்சிருக்கிறேன்னு எங்கிட்ட கேட்டா.

நான் குடுக்கல. ஆனா மறு வாரம் அதே எடத்துல ரெண்டு வண்டி மண்ணு கொட்டி, தட்டி, ஒரு வேகத்தடை மொளைச்சு நின்னுச்சு. யாரு போட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. எங்க மாடுங்களுக்குத் தெரியும், அதுங்க வாயில்லாச் சீவன். பத்து நாளு யாவாரம் மறுபடி நடந்துச்சு. பதினோராம் நாள் விடிகாலையில பால்காரப் பையன் இருட்டுல அதுமேல ஏறி வுழுந்து முட்டிய பேத்துக்கிட்டான். அன்னிக்கி ராத்திரியே யாரோ அந்த மண்ண வாரிட்டாங்க. அதையும் யாருன்னு கேக்காதே. பையனுக்குக் கட்டுப் போட்ட காசு கொய்யாக்காசுதான்.

அதனால குழி வெட்டுன்னும் சொல்லல, மேடு போடுன்னும் சொல்லல. நாலு காரு ஒதுங்கி நிக்க ரோட்டோரமா கொஞ்சம் கெட்டித் தரை, ஒரு வேப்பமரம், குடிக்கத் தண்ணி, பொம்பளைங்க போவ ஒரு கக்கூசு. இதுக்கு உன் தாள்ல கட்டம் இருக்குதா? பட்ஜெட்டுல தலைப்பு இருக்குதா? ரோட்டு அகலம் எத்தினி மீட்டர்னு கட்டம் இருக்குது, அங்க சக்கரம் நிக்கறதுக்கு ஒரு கட்டத்தக் காணோம்.

ரோடு வந்தா எல்லாம் தானா வரும்னு உங்க பெரிய இன்ஜினீரு சொன்னாரு. உன் போன்லயே ஒண்ணு காட்டினியே, தங்க நாற்கரச் சாலை போட்ட பெறவு என்ன ஆச்சுன்னு உலக வங்கி ஆளும் ஹார்வர்டு வாத்தியாரும் சேந்து பாத்தது. ரோட்டுலேர்ந்து பத்து கிலோமீட்டருக்குள்ள இருந்த மாவட்டங்கள்ல தொழில் வளந்துச்சு, பத்துலேர்ந்து அம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த மாவட்டங்கள்ல அப்படி வளரலன்னு. அந்த நாற்கரம் எங்க போவுது? கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூருன்னு போவுது. பேரிகையிலேர்ந்து சூளகிரி சுமார் பதினஞ்சு கிலோமீட்டர். அஞ்சு கிலோமீட்டர்ல கோட்ட வுட்டுட்டோம். பரீட்சையில எங்க பேரன் முப்பத்து நாலு வாங்குவான், அந்த மாதிரி.

இப்ப வடக்கால பெங்களூரு சென்னை அதிவேக சாலை வருது. ஓசகோட்டையில ஆரம்பிச்சு ஸ்ரீபெரும்புதூரு வரைக்கும் 262 கிலோமீட்டர். 2022 மே மாசம் பிரதமரு அடிக்கல் நாட்டினாரு. மாலூரு வழியாப் போவுது, இங்கிருந்து இருவது கிலோமீட்டர் சொச்சந்தான். எல்லாரும் பேரிகைக்கு அதிர்ஷ்டம்னு சொன்னாங்க. ஆசையா விசாரிச்சேன். ரெண்டு பக்கமும் வேலி, 120 வேகம், டிராக்டரு வரக்கூடாது, மோட்டார் சைக்கிளு வரக்கூடாது, மாட்டுவண்டி வரவே கூடாது. எட்டு கார் மதிப்புள்ள வண்டிய வாசல்லயே மறிச்சுட்டாங்க பாத்தியா! அதுல போறவனுக்கு நாங்க ஜன்னலுக்கு வெளிய ஓடற பச்சைக் கோடு. எந்தப் பச்சைன்னு கூடத் தெரியாது, ராகியா ரோஜாவா முட்டைக்கோசான்னு.

மேல ஆகாசத்துல இன்னொரு அதிர்ஷ்டம். 2024 ஜூன்ல முதலமைச்சரு ஸ்டாலினு சட்டசபையில ஓசூருக்கு விமான நிலையம்னு அறிவிச்சாரு, 2,000 ஏக்கரு, வருஷத்துக்கு 3 கோடி பேரு வந்து போவற மாதிரி. பேரிகை, பாகலூரு பக்கம்னு பேச்சு கெளம்புச்சு பாரு, மறுநாளே இந்த டீக்கடையில நெலத்துப் புரோக்கருங்க எண்ணிக்கை டீய வுட அதிகமாப் போச்சு. எல்லைக்கு அந்தாண்ட குண்டா கணக்கு, நாப்பது குண்டா ஒரு ஏக்கரு. இந்தாண்ட சென்ட்டு கணக்கு, நூறு சென்ட்டு ஒரு ஏக்கரு. புரோக்கரு மட்டும் ரெண்டுலயும் பேசாம சதுர அடியில பேசறான். பெங்களூரு ஏர்போர்ட்டு 2008ல தொறந்ததுலேர்ந்து 25 வருஷத்துக்கு 150 கிலோமீட்டருக்குள்ள வேற பெரிய ஏர்போர்ட்டு வரக்கூடாதுன்னு ஒப்பந்தம் இருக்குது, 2033 வரைக்கும். அதை எடுத்துச் சொன்னா, தாத்தா வளர்ச்சிக்கு எதிரின்னு ஒரு பையன் சொல்றான். நான் எதுக்குடா எதிரி? ரெண்டு ஏக்கரு வெச்சிருக்கிறவனுக்கு ஏரோப்ளேன் எறங்கற எடம் எதுன்னு தெரிஞ்சுக்க ஆசை இருக்காதா? நெலத்த வித்தவன் அதுக்கப்புறம் இந்த ஊருக்கு வந்தா அவனும் சுற்றுலாக்காரன்தானே. அதையும் ஒரு கட்டத்துல போட்டுக்கோ.

நானும் சுற்றுலா போனவன்தான்பா. எங்க தெருப் பொம்பளைங்க மேல்மருவத்தூருக்கு மாலை போட்டு, செவப்புச் சேலை கட்டி பஸ்ஸு புடிச்சாங்க. தொணைக்கு ஆம்பள வேணும்னு என்னை ஏத்திட்டாங்க. சாமி கும்பிட்டு, சுத்திக்கிட்டு மாமல்லபுரம், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை. அந்த ரோட்டப் பாரு, படிச்சுக்க வேண்டியது அங்கதான் இருக்குது. முதலைப் பண்ணை ஒரு பக்கம், தட்சிணசித்ரா ஒரு பக்கம், கோவளம், கடலு. அஞ்சு மைலுக்கு ஒருதரம் நிக்கறதுக்கு ஒரு காரணம் வெச்சிருக்கிறான். ஆனா எங்க பஸ்ஸு அந்த ஊருக்கு எவ்வளவு குடுத்துச்சு தெரியுமா? அம்பத்திரண்டு பேரு. புளிசோறு, எலுமிச்ச சோறு, தண்ணி, எல்லாம் இங்கிருந்தே கட்டிட்டுப் போயாச்சு. மாமல்லபுரத்துல நாலு சங்கு, ஒரு சாவிக்கொத்து, ஆறு ஐஸு, ஒரு போட்டோ. மிச்சம் வுட்டுட்டு வந்தது எச்சில் எலையும் பாட்டிலும். அரசாங்கக் கணக்குல அம்பத்திரண்டு சுற்றுலாப் பயணி. 2019ல தமிழ்நாட்டுக்கு உள்நாட்டுச் சுற்றுலாக்காரங்க 49 கோடிக்கு மேலன்னு பேப்பர்ல போட்டிருந்தான். நாட்டுலயே ரெண்டாவது எடமாம். தமிழ்நாட்டுச் சனத்தொகை 2011 கணக்குப்படி ஏழு கோடி சொச்சம். ஒவ்வொரு தமிழன் ஊட்டுக்கும் ஆளுக்கு ஏழு விருந்தாளி. எங்க ஊட்டுக்கு ஒருத்தனும் வரல, உங்க ஊட்டுக்கு?

அதனாலதான் தலைய எண்ணாதேன்னு சொல்றேன். ராத்திரிய எண்ணு. ஒருத்தன் ஒரு ராத்திரி தங்கினா ரெண்டு வேளை சோறு, காலையில டிபனு, போறப்போ ஒரு கட்டு கொத்தமல்லி. எத்தினி பேரு வந்தான்னு கேக்கற எடத்துல எத்தினி மணி நேரம் நின்னான், என்ன வாங்கினான், வாங்கின கடை உள்ளூர்க்காரன் கடையான்னு கேளு. அந்தப் புள்ள கூட ரெண்டு கேள்வி கேட்டா நாக்கா தேஞ்சுடும்?

இங்க பாக்கறதுக்கு என்ன இருக்குதுன்னு கேக்கறே, அதானே? ஓசூரு மலைமேல சந்திரசூடேசுவரரு. தேரு இழுக்கற நாள்ல மூணு மாநிலத்துச் சனமும் ஒரே கயித்துல கை வெக்கும். ராயக்கோட்டைக் கோட்டை, மைசூரு சண்டையில திப்புகிட்டேர்ந்து 1791ல வெள்ளக்காரன் புடிச்சது. மத்திகிரி மாட்டுப் பண்ணை 1824லேர்ந்து இருக்குது, எங்க மாட்டுக்கெல்லாம் பாட்டன் ஊடு. மல்லச்சந்திரத்துல பாறைமேல கல்திட்டைங்க, பெரிய பெரிய பலகைக்கல்ல நட்டு மேல மூடி, செத்தவனுக்குக் கட்டின ஊடு. மயிலாடும்பாறையில தோண்டினதுல கெடைச்ச இரும்பு 4,200 வருஷத்துக்கு முந்தினதுன்னு 2022ல சட்டசபையிலயே சொன்னாங்க. சூளகிரி கொத்தமல்லிச் சந்தை விடியறதுக்கு முன்னால போய் நின்னு பாரு, மூக்கு ஒரு வாரத்துக்கு மறக்காது. பாகலூரு பக்கம் பசுமைக்குடில்ல ரோஜா. பிப்ரவரி 14க்கு ஏரோப்ளேன்ல வெளிநாடு போவுது. எங்கியோ ஒரு பையன் எவளுக்கோ முட்டி போட்டுக் குடுக்கற பூ, எங்க ஊருப் பொம்பளைங்க முள்ளு குத்தின கையால கட்டினது. அதைப் பாக்க காசு குடுத்து வர்றவன் இல்லாமயா போவான்?

கெலவரப்பள்ளி அணைய வுட்டுட்டேன். தென்பெண்ணை நந்தி மலைப்பக்கம் பொறந்து, பெங்களூரு சாக்கடைய சீரு வரிசையா எடுத்துக்கிட்டு எங்க ஊட்டுக்கு வர்றவ. மழை நாள்ல மதகத் தொறந்தா ஆளு உசரத்துக்கு நுரை. ரோடு, தரைப்பாலம் எல்லாம் வெள்ளையா மூடிடும். காசுமீரு மாதிரி இருக்குதுன்னு போட்டோ புடிக்க வர்றான். எந்த ஊரு காருன்னு நம்பர் பிளேட்டப் பாரு, கேஏன்னு போட்டிருக்கும். அவன் ஊட்டு சோப்புத் தண்ணிய அவனே பெட்ரோலு போட்டு வந்து பாக்கறான்! இதை வுடச் சிக்கனமான சுற்றுலா உலகத்துல இல்ல.

யானைய மறந்தா எனக்குப் பாவம். ராகி கதிரு வர்ற பட்டத்துல பன்னேர்கட்டா காட்டுலேர்ந்து தளி, ஜவளகிரி வழியாக் கூட்டமா சானமாவு காட்டுக்கு வந்து குந்திக்கும். பெரிய ரோட்டையும் தாண்டும். உன் தாள்ல குதிரைக்கு நாலு இருக்குது, மாட்டுக்கு எட்டு இருக்குது, யானைக்கு ஒண்ணும் இல்லியே? கூட்டமா வந்து நின்னா உங்க நாலு வழிச்சாலை முழுக்க அவருக்குத்தான். அகலம் பண்ணறப்போ அவரு போவ ஒரு வழி வுடுங்க. சுற்றுலாக்காரன் அவரத் தேடிப் போவக்கூடாது, அவரும் சுற்றுலாக்காரனத் தேடி வரக்கூடாது.

இதெல்லாம் தனித்தனியா சிதறிக் கெடக்குது தம்பி. பெரிய ரோட்டுக்கு டெல்லிக்காரன் பொறுப்பு, மாநில ரோட்டுக்கு மெட்ராசுக்காரன், அப்புறம் மாவட்ட ரோடு, ஒன்றியம், பஞ்சாயத்து. கோயிலுக்கோ கோட்டைக்கோ போற கடைசி ஒரு கிலோமீட்டரு மட்டும் யாரு பொறுப்புன்னு கேட்டா, ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கறான். அங்கதான் காரு திரும்ப முடியாம மாட்டுச்சாணியில சிக்கி, அவன் இனிமே இந்தப் பக்கமே வர மாட்டேன்னு சத்தியம் பண்றான். நூறு கோடிக்குப் போட்ட நெடுஞ்சாலை அந்த ஒரு கிலோமீட்டர்ல தோக்குது. இருக்கிற சின்ன ரோட்டுங்கள, பேரிகை, பாகலூரு, ஓசூரு, தொரப்பள்ளி, ராயக்கோட்டை, சூளகிரின்னு ஒரு மாலையாக் கோத்து, வளைவ நேராக்காம, ஓரத்த மட்டும் கெட்டி பண்ணி, நெழலும் பலகையும் வெச்சா, ஒருத்தன் காலையில பூந்தா சாயங்காலம் வரைக்கும் இந்த மாலைக்குள்ளயே சுத்துவான். இதுக்கு பெரிய ரோடு போடற காசுல கால்வாசி கூட ஆவாது. அதனாலதான் எவனும் எழுத மாட்டான், சின்ன வேலையில சின்னக் கமிஷன்தானே. ஐயையோ, எழுதிடாதே.

நார்வேன்னு ஒரு நாடு இருக்குதாமே, பேரன் காட்டினான். அங்க பதினெட்டு ரோட்டப் பொறுக்கி எடுத்து, இது சுற்றுலா ரோடுன்னு பேரு வெச்சிருக்கிறான். ரோட்ட அகலம் பண்றதுல வேலையக் காட்டாம, நின்னு பாக்கற மேடை, உக்கார பெஞ்சு, கக்கூசு, இதுக்கு ஊருல இருக்கிற பெரிய பெரிய கட்டடக் கலைஞனக் கூப்ட்டிருக்கிறான். கடலோரமா ஒரு கக்கூசு, அலை மாதிரி வளைச்சு காங்கிரீட்டும் கண்ணாடியும் வெச்சு, ராத்திரியில உள்ள வெளக்கு எரிய, 2018லேர்ந்து அதைப் பாக்கவே சனம் போவுதாம்! நம்ம ஊருல கக்கூச தூரத்துலேர்ந்தே மூக்கால பாத்துடலாம், அதனால யாரும் கிட்ட போவறதில்ல. எங்கூட்டுக் கெழவி மேல்மருவத்தூரு போன அன்னிக்கி பகல் முழுக்கத் தண்ணியே குடிக்கல, தெரியுமா? ஏன்னு கேட்டா திட்டுவா. சுற்றுலா வளர்ச்சின்னு நீ நூறு பக்கம் எழுதறதுக்கு முன்னால, அந்த ஒரு நாளு அவ ஏன் தண்ணி குடிக்கலன்னு எழுது.

ரோடு மட்டும் போட்டா சனம் கெளம்பாதுப்பா, கையில காசும் வேணும். இந்தாண்ட 2021லேர்ந்து டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்குச் சும்மா. அந்தாண்ட 2023 ஜூன்ல சக்தி திட்டம்னு கொண்டாந்தாங்க, அவங்க மாநிலத்துப் பொம்பளைங்களுக்கு மட்டும். ஆரம்பிச்ச மறு வாரமே கோயிலுக்குப் போற பஸ்ஸெல்லாம் பொம்பளைங்க கூட்டம், ஆம்பளைங்க படியில தொங்கினானுங்க. ஒரு முழம் ரோடு கூடப் புதுசாப் போடல. எங்கூட்டுக்காரி அக்கா மாலூர்ல குடுத்தது. அவ எல்லை வரைக்கும் சும்மா வருவா, இவ இந்தப் பக்கத்துலேர்ந்து சும்மா போவா. நடுவுல இருக்கிற தூரத்துக்கு யாரு டிக்கெட்டு எடுக்கறதுன்னு ரெண்டு பேருக்கும் மூணு மாசமாப் பேச்சு இல்ல. அந்த நடுத்தூரத்த உன் மேப்புல குறிச்சுக்கோ, ரெண்டு அரசாங்கமும் சேந்து திட்டம் போட வேண்டிய எடம் அதுதான்.

ஏழு நாளு உக்காந்து எண்ணப் போறேன்னு சொன்னே. வருஷத்துக்கு ரெண்டு தரம், அறுப்பு நாள்ல ஒண்ணு, சும்மாக் கெடக்கற நாள்ல ஒண்ணுன்னு உங்க புத்தகத்துலயே இருக்குதாமே. நல்ல புத்தகம். அப்படியே தேரு நாளையும், சானமாவுக்கு யானை வர்ற பட்டத்தையும் சேத்துக்கோ. ஞாயித்துக்கெழம காலையில அஞ்சு மணிக்கே வா. பெங்களூர்லேர்ந்து மோட்டார் சைக்கிள்ல பட்டாளமா இட்லி தின்னறதுக்குன்னே கிருஷ்ணகிரி வரைக்கும் போறானுங்க. கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டரு போயி இட்லி! தலைக்கு அரைன்னு குறிச்சுக்கோ. ஆனா அவனுங்க தின்னற இட்லிய முழுசா எண்ணு.

வெயிலு ஏறுது, நான் கெளம்பறேன். என்னப்பா அப்படிப் பாக்கறே? என்ன, கொம்புல நீலம் பூசின மாடு எல்லா வண்டியிலயும் இருந்துச்சா? இங்க எல்லாரும் ஒரே கடையிலதான்பா பெயிண்டு வாங்கறோம். இடது மாடு நொண்டுதா? எல்லா வண்டியிலயும் இடது மாடு நொண்டுச்சா! கண்ணு நல்லாத்தான் இருக்குது உனக்கு, பெரிய ஆளா வருவே.

ஏய், ஹோ... ஹோய்... வாங்கடா கண்ணுங்களா. தம்பி, அந்தப் பென்சில எடுத்து வெச்சுக்கோ. நான் அரசமரம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன். போறதுக்கு ஒரு எட்டு, வர்றதுக்கு ஒரு எட்டு.